மலையகச் சமையலறைக்கு 5 லீற்றர் குக்கர்: வாங்கலாமா?

கடலை வேகவில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதற்கு முன் மலையின் உயரத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 பாகை. திறந்த பானையில் எவ்வளவு விறகைத் தள்ளினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். வெயிட் போட்ட குக்கருக்குள் அதே நுவரெலியாவில் சூடு 115 பாகையைத் தாண்டும். விறகும் கேஸும் மிச்சமாவது அதனால்தான்.

நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 5 லீற்றர் அலுமினியக் குக்கர் போதும். 3 லீற்றர் மலிவுதான், ஆனால் பருப்பு, கடலை வகைகளைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. அரைக்கிலோ கடலை ஊறி இரட்டிப்பானால் அதில் அடங்காது. ஸ்டீல் குக்கர் எடுப்பதென்றால் அடி தடித்ததாகப் பாருங்கள். மெல்லிய அடி உடனே பிடிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, மூடி உள்ளே போய் மாட்டும் வகையே நல்லது. உள்ளே ஆவி இருக்கும்வரை அந்த மூடியைத் திறக்க முடியாது. வாய் குறுகல் என்பதால் கழுவ மட்டும் கொஞ்சம் சிரமம்.

விசிலை எண்ணிச் சமைப்பதை விட்டுவிடுங்கள். நெருப்பு கூடினால் விசில் அடிக்கடி வரும், உள்ளே கடலை அப்படியே இருக்கும். முதல் விசில் வந்ததும் நெருப்பைக் குறைத்து, நிமிடக் கணக்குப் பாருங்கள். இரவு முழுக்க ஊறிய கடலைக்கு 20 நிமிடம் சரியாக இருக்கும். குளிர் தண்ணீரில் கடலை மெதுவாகத்தான் ஊறும். சுடுதண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். புளியை முதலிலேயே போட்டால் கடலை கல்லாகவே கிடக்கும். தேங்காய்ப்பாலும் அப்படித்தான், மூடியைத் திறந்த பிறகே ஊற்ற வேண்டும், இல்லையென்றால் திரிந்துவிடும்.

மைசூர் பருப்புக்குக் குக்கர் தேவையே இல்லை. அது நுரைத்து எழும்பி ஆவிக் குழாயை அடைக்கும். மரவள்ளிக்கிழங்கையும் இதில் போட வேண்டாம். அதில் இருக்கும் நஞ்சு ஆவியோடு வெளியேற வேண்டும் என்பதால் திறந்த பானையில் அவித்துத் தண்ணீரை வடித்து ஊற்றுவதே பாதுகாப்பு.

பெரும்பாலான குக்கர்கள் கெடுவது வாசரில்தான், அதாவது மூடியில் மாட்டும் ரப்பர் வளையத்தில். விளிம்பில் ஆவி புஸ்ஸென்று கசிந்து வெயிட் அசையாமல் இருந்தால் வாசர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றி விரலால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை போல வெடிப்புத் தெரிந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். வெடிப்பு இல்லையென்றால் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மாட்டினால் அன்றைய சமையல் முடியும், அவ்வளவுதான். ஆகவே வாங்கும் அன்றே, அதே அளவு வாசர் அந்தக் கடையில் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காத குக்கரை எவ்வளவு விலைக் கழிவு கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

சமைப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஆவிக் குழாய்க்குள்ளே பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஈர்க்குச்சியால் குத்தி, தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தண்ணீர் வற்றிப்போய் பாதுகாப்பு வால்வு உருகினால் அதே கம்பெனி வால்வையே போடுங்கள், வேறு எதையாவது வைத்து அடைப்பது உயிருக்கே ஆபத்து.

விறகு அடுப்பில் வைப்பவர்கள் குக்கரின் வெளிப்பக்கம் அடியிலிருந்து பாதி உயரம் வரை சவர்க்காரத்தை மெல்லியதாகப் பூசிவிடுங்கள், கரி தேய்க்காமலே போகும். கைப்பிடி நெருப்பு வாய்க்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். கழுவிய பின் மூடியைப் பூட்டி வைக்காதீர்கள். மலைநாட்டு ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சண வாடை வந்துவிடும். வாசரைத் துடைத்து, மூடியைக் கவிழ்த்து மேலே வைத்தால் போதும்.