அலசி முடித்தும் பிழியாத படம்

சாலிகிராமத்துப் பிரிவியூ தியேட்டர் ஒன்றில் சென்ற வாரம் இந்தப் படத்தைப் பார்த்தேன். கைக்காசு போட்டு எடுத்தவர்கள் என்பதால் பெயர் சொல்லிப் புண்படுத்த மனம் வரவில்லை. பெசன்ட் நகர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு ஆண்டுகள் இல்லறம் நடத்திய ஒருத்தி, கணவன் தாம்பரம் போவதாகச் சொன்ன நாளில் வேறெங்கோ இருவர் சாப்பிட்டதற்கான ஓட்டல் பில்லை அவன் சட்டைப் பையில் காண்கிறாள். பில்லை எடுத்து வைத்துக்கொண்டு சட்டையை வாஷிங் மெஷினில் போடுகிறாள். துணி சுழல்கிறது, நுரை ஏறுகிறது, தண்ணீர் வடிகிறது. கேமரா மட்டும் நகர்வதாக இல்லை. பின்வரிசையில் ஒருவர், "அலசியாச்சு, பிழிஞ்சு எடுங்கப்பா" என்றார். அரங்கம் விழித்துக்கொண்டது அப்போதுதான்.

நிதானமான படங்களை விரும்பிப் பார்க்கிறவன் நான். ஆனால் மௌனத்துக்குள் ஏதாவது இருக்க வேண்டும். மற்றவளாக வருபவள் மூன்று காட்சிகளிலும் ஜன்னலோரம் நின்று கடலைப் பார்க்கிறாள். கணவனை எந்நேரமும் கண்ணாடியில் காட்டுகிறார்கள். குறுந்தொகையின் எட்டாம் பாடலில் ஆலங்குடி வங்கனார் அதே கண்ணாடியை ஆறே அடிகளுக்குள் கொண்டுவந்திருக்கிறார். எம்மிடம் வந்து பெருமை பேசுகிறவன், தன் வீட்டில் மகனின் தாய்க்கு முன்னால், கை தூக்கினால் கை தூக்கும் ஆடிப்பாவையாக, கண்ணாடிப் பிம்பமாக நிற்கிறான் என்று பரத்தை அங்கே எள்ளி நகையாடுகிறாள். அவளுடைய அந்த ஒரு வாக்கில் மூவருமே கண்முன் வந்துவிடுகிறார்கள். இந்தப் படத்தில் அவளுக்குப் பேசவே வாய்ப்பில்லை.

பேசுகிற இடத்திலோ பிழை. வழக்கறிஞரான தோழி, புகார் கொடுத்துக் கணவனைச் சிறைக்கு அனுப்பலாம் என்கிறாள். பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அது நடைமுறையில் இருந்த காலத்திலும் அதன்கீழ் கணவன்மீது வழக்குத் தொடுக்கும் உரிமை மனைவிக்கு இருந்ததில்லை. விவாகரத்துக் கோருவதற்கு மணவாழ்வுக்கு வெளியே வைத்துக்கொள்ளும் உறவு இன்றும் காரணமாகும். இந்த நிலைமையைத் தோழி உள்ளபடி எடுத்துச் சொல்லியிருந்தாலே நல்லதொரு காட்சி கிடைத்திருக்கும்.

உருப்படியான காட்சி ஒன்றுதான். மனைவி அம்மாவுக்குப் போன் செய்து, மெட்ரோ வாட்டர் லாரி வரவில்லை, வேலைக்காரம்மா லீவு என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "குரல் ஏன்டி ஒரு மாதிரி இருக்கு? மாப்பிள்ளை ஊர்ல இல்லையா?" என்கிறார். அவள் வாய் திறப்பதற்குள் இயக்குநர் மறுபடியும் கடலைக் காட்டப் போய்விட்டார்.