கைச்சுற்று ரேடியோவின் விளக்கு: எதைப் போட்டால் தேறும்?

கிரண்டிக் எஃப்ஆர்200 என்றொரு கைச்சுற்று ரேடியோ 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறைய விற்றது. ஏஎம், எஃப்எம், சிற்றலை எல்லாம் எடுக்கும். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் 3.6 வோல்ட் பேட்டரி பேக் சார்ஜ் ஆகும். இல்லையென்றால் மூன்று ஏஏ பேட்டரி போட்டுக்கொள்ளலாம். பழைய பொருள் விற்கும் இடங்களில் இன்றும் கண்ணில் படுகிறது. ரேடியோவைக் குறை சொல்ல முடியாது. கூடவே இருக்கும் டார்ச்தான் பாவம், மஞ்சளாக மினுங்கும் குண்டு பல்பு. எல்இடி மலிவாவதற்கு முன் வந்த கைச்சுற்று ரேடியோக்கள் பலவற்றுக்கும் இதே கதைதான்.

மாற்றுவதற்கு முன் ஒரு கணக்கு. இந்த வகை டார்ச் பல்புகள் பெரும்பாலும் 200 முதல் 300 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். பேக்கின் கொள்ளளவு 600 மில்லி ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால், முழு சார்ஜிலேயே இரண்டு மூன்று மணி நேரம்தான். ரேடியோ குடிப்பதும் அதே குடத்துத் தண்ணீர். எனவே 'எவ்வளவு பிரகாசம்' என்று கேட்பதைவிட 'ரேடியோவுக்கு எவ்வளவு மிச்சம்' என்று கேட்டு ஒப்பிடுவதே சரி என்பது என் கட்சி.

எளிதான வழி, பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே அடிப்பாகம் கொண்ட எல்இடி பல்பைப் போடுவது. சால்டரிங் வேலை இல்லை. வாங்கும்போது அடிப்பாகம் திருகும் வகையா, விளிம்பால் (காலர்) நிற்கும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். குண்டு பல்புக்கு பிளஸ், மைனஸ் எல்லாம் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படியில்லை. எரியவில்லையென்றால் திருகைத் திருப்பிப் போட முடியாது, உள்ளே போய் ஒயரைத்தான் மாற்ற வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை வேறு. ஒன்றிரண்டு பேட்டரியிலும் எரியும்படி செய்த எல்இடி பல்புகளுக்குள் வோல்டேஜை ஏற்றும் குட்டி சர்க்யூட் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது நொடிக்குப் பல்லாயிரம் முறை, சிலவற்றில் லட்சக்கணக்கான முறை, மாறி மாறி அணைந்து எரியும். ஏஎம் ஒலிபரப்பு வரும் மத்திய அலை 530 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஐந்தேகால் லட்சத்துக்குச் சற்று மேல் அதிர்வில், தொடங்குகிறது. அந்தச் சர்க்யூட்டின் இரைச்சல் நேராக அங்கே வந்து விழும். ஏஎம் ஏரியல் அதே பெட்டிக்குள் ஒரு சாண் தள்ளி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். விளக்கு போட்டால் செய்தி கேட்காது, செய்தி கேட்க விளக்கை அணைக்க வேண்டும் என்றால் அது என்ன அவசரகால ரேடியோ?

பலருக்கும் ஆசை போவது 1 வாட் எல்இடி மேல். அறையே பளிச்சென்று ஆகும், மறுக்கவில்லை. ஆனால் முழு வேகத்தில் 350 மில்லி ஆம்பியர் கேட்கும். குண்டு பல்பையே மிஞ்சிவிட்டது. சூட்டை வெளியேற்ற அலுமினியத் துண்டு வேண்டும், பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதற்கு இடமில்லை. பேக் காலியானதும் அந்த வெளிச்சத்தை ஈடுகட்ட கையால் சுற்றிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தோள் பதில் சொல்லிவிடும். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் ஓட்டு சாதாரண 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடிக்கும், மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு ரெசிஸ்டருக்கும்தான். எல்இடி ஒன்றுக்கு 20 மில்லி ஆம்பியர் போதும். ஒன்று போட்டால் கணக்குப்படி 30 மணி நேரம், இரண்டு போட்டால் 15. ஒன்று மட்டும் போட்டால் மொத்த வெளிச்சம் பழைய பல்பைவிடக் குறையலாம். இரண்டு போட்டால் ஏறக்குறைய ஈடாகிவிடும், மின்செலவோ ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட் இல்லாததால் ரேடியோவில் இரைச்சலும் இல்லை.

ரெசிஸ்டர் கணக்கு சுலபம். வெள்ளை எல்இடி சுமார் 3.2 வோல்ட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். முழு சார்ஜில் பேக் 4.2 வோல்ட் காட்டும். மீதி 1 வோல்ட். 33 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 30 மில்லி ஆம்பியர், வடிந்து 3.6-க்கு வந்ததும் 12. அதாவது சார்ஜ் குறையக் குறைய விளக்கு தானாக மங்கும். சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கோ பேட்டரி மீட்டர் இல்லாத ரேடியோவில் இதுவே மீட்டர். இரண்டு எல்இடி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரெசிஸ்டர். ஒரே ரெசிஸ்டரைப் பகிர்ந்தால் ஒன்று மற்றதைவிட அதிகம் இழுத்துக்கொள்ளும்.

பழைய பல்புக்குப் பின்னால் இருக்கும், ஒளியை முன்னால் திருப்பிவிடும் பளபளப்புக் கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பக்கமும் ஒளி விடும் இழைக்காகச் செய்தது அது. எல்இடி ஏற்கெனவே முன்னோக்கித்தான் அடிக்கும், கிண்ணத்துக்குப் பெரிதாக வேலையில்லை. கையில் பிடித்து வழி பார்க்க இந்த நேர் ஒளி பரவாயில்லை. மேசையில் வைத்துச் சமைக்க, சாப்பிட, மருந்து தேட என்றால் அகலமாகப் பரவும் எல்இடி வாங்குங்கள். கிடைக்கவில்லையா, சாதாரண எல்இடியின் தலையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டாலே ஒளி பரவும். நிறத்தில் நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் கலந்த வெள்ளை இரவுக்கு இதம்.

ரேடியோவைத் திறக்கவே வேண்டாம், தலையில் மாட்டும் விளக்கு ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் நியாயமான வழிதான். சால்டரிங் இரும்பைத் தொட்டிராதவர்களுக்கு நான் அதையே சொல்வேன். அதன் பேட்டரி தீர்ந்தால் கைப்பிடி அதற்கு உதவாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சொந்தமாகச் செய்பவர்கள் இரண்டைக் கவனிக்கவும். பல வருடம் கிடந்த பேக் செத்திருந்தால், சுற்றும்போது வரும் வோல்டேஜைப் பிடித்து நிறுத்த ஆளிருக்காது. அது எகிறி எல்இடியைக் கருக்கிவிடலாம். முதலில் பேக்கை மாற்றிவிட்டு விளக்குக்கு வாருங்கள். அப்புறம், அல்கலைன் ஏஏ பேட்டரியும் போடும் பழக்கம் இருந்தால் 33 ஓம் போதாது. புது பேட்டரி மூன்று சேர்ந்தால் 4.5 வோல்ட், கிட்டத்தட்ட 40 மில்லி ஆம்பியர் பாயும். அவர்களுக்கு 68 ஓம். 20-க்குள் நிற்கும், பேக்கில் ஓடும்போது சற்று மங்கலாக இருக்கும்.