பீம் பக்கத்து ரூமில் இருக்கிறது

ஊருக்கு வந்த இந்தத் தடவை விமானம், வங்கி, பத்திர ஆபீஸ் எல்லாம் சுமுகமாக முடிந்தன, அதை விடுங்கள். சித்தப்பாவின் புரோட்டான் சிகிச்சைக்கு, அதாவது புரோட்டான் கற்றையைப் பாய்ச்சிப் புற்றுக்கட்டியை அழிக்கும் சிகிச்சைக்கு, துணையாகப் போனதைத்தான் சொல்ல வேண்டும்.

கல்லீரலில் கட்டி. மூச்சோடு சேர்ந்து கல்லீரலும் மேலும் கீழும் நகரும் என்பதால், மூச்சை அடக்கியிருக்கும் இருபது விநாடி போலத்தான் பீம், அதாவது அந்தக் கற்றை, பாயலாம். ஒரு காலத்தில் கிணற்றில் முங்கிக்கொண்டு எங்களை எண்ணவைத்த மனிதர் இவர். ஸ்பீக்கரில் குரல் வருகிறது: "ஐயா, மூச்சை இழுத்துப் பிடிங்க... சரி, விட்டுடுங்க. பீம் பக்கத்து ரூமுக்குப் போயிருக்கு, வந்ததும் சொல்றேன்."

மோட்டார் ஒன்று, குழாய் நாலு என்ற கதை. புரோட்டானை வேகமூட்டும் முடுக்கியான சைக்ளோட்ரான் ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒரு அறைக்குத்தான் பீம். நான் இருக்கும் நாட்டில் பார்த்த மையத்தில் ஒரே அறை, அதற்கென்றே ஒரு சின்ன முடுக்கி. ஆனால் அங்கே தேதி கிடைப்பதற்குள் பொறுமை போய்விடும். இங்கே தேதி சட்டென்று கிடைத்தது, படுக்கையில்தான் காத்திருப்பு.

பீம் வந்த பிறகும் ஒரே மூச்சில் முடியவில்லை. விட்டு விட்டுப் பிடித்ததில் சித்தப்பாவுக்கு முகமெல்லாம் வியர்வை. ஏன் என்று கேட்டதற்கு அங்கிருந்த இயற்பியலாளர் பொறுமையாக விளக்கினார். கட்டியை ஆழம் ஆழமாக, அடுக்கடுக்காக வரைகிறார்கள். ஆழம் மாற ஆற்றல் மாற வேண்டும். சைக்ளோட்ரான் தருவதோ ஒரே ஆற்றல். வழியில் கிராஃபைட்டை நுழைத்துக் குறைக்கிறார்கள், பீமை அறைக்கு வளைத்துக் கொண்டுவரும் பின்னாலுள்ள காந்தங்களும் புது அளவுக்கு வந்து நிலைக்க வேண்டும். பழைய கருவியில் அடுக்குக்கு ஓரிரு விநாடி. இருபது அடுக்கென்றால் ஒன்றிரண்டு மூச்சு காந்தத்துக்கே சரி. புதிய கருவிகளில் இது ஒரு விநாடிக்கும் குறைவாம். அப்புறம் ஏன் இங்கே மாற்றவில்லை? சிரித்தார், அவ்வளவுதான்.

கதிரை மின்னல் வேகத்தில் கொடுத்து முடிக்கும் ஃபிளாஷ் முறையைக் கேட்டேன். விநாடிக்கு 40 கிரேக்கு (கதிர் அளவின் அலகு) மேல், கண் இமைப்பதற்குள் முடியும். 2020-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு மனிதர்களிடம் சோதனை தொடங்கினார்கள். அதில் அடுக்கு மாற்ற நேரமேது? உச்ச ஆற்றலில் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறவிட்டார்கள். கட்டியோடு நின்றுவிடும் புரோட்டானின் அருமையே அதில் போய்விடுகிறது. ஆகவே நான் கேட்பது ஃபிளாஷ் அல்ல, சீக்கிரம் மாறும் காந்தமும் அறைக்கொரு முடுக்கியும்தான்.