ஜுவெனலை வாசிக்க லத்தீன் சொற்கள்: எது உதவியது, எது உதவவில்லை

சீசர், சிசெரோ இவர்களின் லத்தீன் உரைநடை பழகிவிட்டால் ரோமானிய அங்கதக் (கேலிக்) கவிஞர் ஜுவெனலும் தானாக வந்துவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். டிக்கின்சன் கல்லூரி இலவசமாகத் தரும் 1000 அடிப்படை லத்தீன் சொற்களின் பட்டியலைச் சில வருடங்களாகப் புழங்கிவருகிறேன். நல்ல பட்டியல்தான், தவிர்க்கவே கூடாது. ஆனால் அடிக்கடி வரும் சொற்களின் தொகுப்பு அது. அங்கதக் கவிதைக்கு வேண்டியவை சந்தையிலும் அடுக்களையிலும் கிடக்கும் சொற்கள். ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைந்துபோகிறவை.

அதனால் மனப்பாட அட்டைச் செயலியான அன்கியில் அட்டைகளைக் காட்சிவாரியாகப் பிரித்துவிட்டேன். ஜுவெனலின் ஐந்தாம் அங்கதம் இதற்கு ரொம்பத் தோது. விர்ரோ என்ற பணக்காரன், தன்னை அண்டிப் பிழைக்கும் ட்ரெபியுஸை விருந்துக்குக் கூப்பிடுகிறான். அவனுக்கு வெள்ளைவெளேரென்ற மெத்து ரொட்டி, இவனுக்குப் பூசணம் பூத்தது. இவன் கை நல்ல ரொட்டிப் பக்கம் போனால் அதட்டி வைக்கச்சொல்ல ஓர் ஆள் வேறு நிற்கிறான். காளானிலும் அதே கதை: விர்ரோவுக்கு போலேட்டுஸ், எளியவர்களுக்கு நம்பிச் சாப்பிட முடியாத ஃபுங்கி. பேரரசர் கிளாடியுஸ் தின்ற ஜாதி போலேட்டுஸ்தான், மனைவி கொடுத்த விஷக் காளானுக்கு முந்தியது என்று ஜுவெனல் போகிறபோக்கில் ஒரு குத்தும் விடுகிறார். சின்ன அகராதிகளில் இரண்டுக்கும் காளான் என்றே இருக்கும். அட்டையின் பின்பக்கம் 'யார் தட்டில்' என்றும் சேர்த்து எழுதிவைத்தேன். அப்புறம் மறக்கவே இல்லை. ஸ்போர்ட்டுலாவும் அப்படியே. கூடை என்று மனப்பாடம் செய்து பயனில்லை. முதல் அங்கதத்தில் அது புரவலர் வாசலில் காத்துக்கிடந்து வாங்கும் 100 குவாட்ரன்ஸ் என்ற சில்லறைக் காசு.

விகுதி பிரித்துக் காட்ட விட்டேக்கர்ஸ் வேர்ட்ஸ் போதும். அடா நிரல்மொழி உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான வில்லியம் விட்டேக்கர், அதே மொழியில் எழுதிய நிரல். சாத்தியமான வடிவங்களை எல்லாம் கொட்டும், எது சரி என்று சொல்லாது. பெயரடை ஒரு மூலையிலும் பெயர் இன்னொரு மூலையிலும் நிற்கும் கவிதையில் அந்த வேலை நம் தலையில்தான்.

பொருளுக்கு 1879இல் வந்த லூயிஸ்–ஷார்ட் அகராதி. ஜுவெனலின் வரிகளையே மேற்கோளாகக் காட்டுவதால் விடமுடியவில்லை. கெட்ட வார்த்தை வந்தால் மட்டும் விக்டோரியா காலத்துக் கூச்சத்தோடு நழுவிவிடும். இன்னொரு ரோமானியக் கவிஞரான மார்ஷியலையும் ஜுவெனலின் இரண்டாம், ஆறாம், ஒன்பதாம் அங்கதங்களையும் வாசிக்கிறவர்கள் ஜே. என். ஆடம்ஸ் 1982இல் வெளியிட்ட லத்தீன் பாலியல் சொற்கள் பற்றிய நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு ரோமானிய அங்கதக் கவிஞரான பெர்சியஸுக்கு இது எதுவும் உதவவில்லை. மொத்தமே 6 அங்கதங்கள்தான். ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருக்கும், வரி மட்டும் பிடிபடாது. அவருக்கு அட்டை போடுவதை விட்டுவிட்டு நல்ல உரை ஒன்றை வாங்கிவிடுங்கள்.