மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையும் ஏறும் எடையும்: எந்த வழி எதற்கு உதவும்?

புற்றுநோய் என்றாலே உடல் மெலிந்துவிடும் என்றுதான் கோவை, ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுக்கும் பெண்கள் பலருக்கோ எடை கூடுகிறது. வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் பசியைத் தூண்டுகின்றன. சோர்வினால் நடமாட்டம் குறைகிறது. இளவயதினருக்கு மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோகவும் கூடும். இவையெல்லாம் சேரும்போது தசை கரைந்து கொழுப்பு ஏறுவதால், தராசில் எடை மாறாதிருப்பவருக்கும் உடலின் அமைப்பு மாறியிருக்கலாம். ஆகவே எந்த வழியானாலும், அது எடையைக் குறைக்கிறதா என்பதோடு தசையைக் காக்கிறதா என்றும் கேட்டாக வேண்டும்.

சிகிச்சை நடக்கும்போதே இளைக்க முயல்வதா, முடியும்வரை பொறுத்திருப்பதா என்பது முதல் கேள்வி. வீட்டுக்கு நலம் கேட்க வருவோர் ஆளுக்கொரு சத்துப் பானப் பாட்டிலோடு வருவார்கள். “நல்லாச் சாப்புட்டாத்தான் கண்ணு ஒடம்பு தேறும்” என்று மாமியார் அரிசிம்பருப்புச் சோற்றின் மேல் இன்னொரு கரண்டி நெய் விடுவார். இதற்கு நேரெதிராக, ஏறிய எடையைக் கண்டு பயந்து இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. என் கணிப்பில் இரண்டுமே தவறு. கீமோ நாட்களில் எடையை ஏறவிடாமல் நிறுத்துவதே போதுமான இலக்கு. குறைக்கும் வேலையைச் சிகிச்சை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓரிரு நாட்களில் திடீரென எடை ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் அது கொழுப்பன்று, நீர். டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து நீரைத் தேக்கும். டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் ஆகிய புற்றுநோய் மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, அரிசியை விட்டுக் கம்புக்கும் ராகிக்கும் மாறினால் போதும் என்ற நம்பிக்கை இங்கே வலுவாக இருக்கிறது. சிறுதானியங்களில் நார்ச்சத்து கூடுதல் என்பதும், அவற்றை உண்டால் வயிறு நிறைந்திருக்கும் என்பதும் சரியே. ஆனால் 100 கிராம் அரிசி, கம்பு, ராகி மூன்றுமே ஏறக்குறைய 320 முதல் 360 கலோரி தருகின்றன. அதே அளவு சாப்பிட்டால் எடைக் கணக்கில் பெரிய மாற்றம் வராது. இதைவிடப் பங்கை மாற்றுவதே மேல். பல வீடுகளில் அரிசிம்பருப்புக்கு இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவார்கள். அதைச் சரிபாதியாக்கி, பக்கத்தில் பொரியலைக் கூட்டி, எண்ணெயையும் நெய்யையும் கரண்டியால் அளந்து ஊற்றினால், சமையலை மாற்றாமலே கலோரி குறைந்து புரதம் ஏறும். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழிக்கும் இங்கே இடமுண்டு. கொள்ளு கொழுப்பை உருக்காது. ஆனால் 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருப்பதால், கொள்ளுப் பருப்பும் ரசமும் தசைக்குத் துணைநிற்கும்.

காய்கனிகளைக் கூட்டுவதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற போட்டியை அமெரிக்காவின் இரு பெரிய ஆய்வுகளில் காணலாம். 2006இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைத்து உண்டவர்களின் எடை சற்றுக் குறைந்தது. நோய் திரும்புவதும் ஓரளவு குறைந்தது. 2007இல் வெளியான ஆய்வில் காய்கனிகளை ஏராளமாக உண்டவர்களின் எடை குறையவில்லை. நோய் திரும்புவதிலும் வேறுபாடு இல்லை. எடைதான் காரணம் என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனினும் வழக்கமான தட்டின் மேல் பழத்தையும் சாற்றையும் அடுக்குவதால் எடை இறங்காது என்பது தெளிவு.

நடையும் தசைப் பயிற்சியும் என்று வரும்போது நான் தசைப் பயிற்சியின் பக்கம் சாய்கிறேன். விடிகாலையில் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையைச் சுற்றுவதும் தோட்டத்து வரப்பில் நடப்பதும் சோர்வைத் தணிக்கும். வாரத்துக்கு 150 நிமிட நடை பொதுவான பரிந்துரை. ஆனால் கரைந்த தசையை மீட்க நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மெல்ல உயர்த்துவது போன்ற பயிற்சிகளை வாரம் இரு நாள் சேர்க்க வேண்டும். அறுவை செய்த பக்கத்துக் கையில் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது, தூக்கினால் கை வீங்கிவிடும் என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. கை வீக்கம் உள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், மேற்பார்வையுடன் சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை. எலும்புக்கு நோய் பரவியவர்களும் எலும்பு தேய்ந்தவர்களும் பிசியோதெரபிஸ்டைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ உணவு ஆலோசகரைப் பார்க்கக் கோவைக்குப் பேருந்து ஏறுவது ஒரு நாள் வேலை. தொலைபேசியில் ஆலோசனை கேட்டால் போதாதா? மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் நடத்தப்பட்ட, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வொன்று 2016இல் இதற்கு விடை தந்தது: ஆறு மாதத்தில் நேரில் ஆலோசனை பெற்றவர்கள் 6.4 விழுக்காடும், தொலைபேசியில் பெற்றவர்கள் 5.4 விழுக்காடும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 2 விழுக்காடும் எடை குறைந்தார்கள். நேருக்கும் தொலைபேசிக்கும் உள்ள இடைவெளி சிறியது. ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புவதற்கும் தொடர்ந்து பேசுவதற்கும் உள்ள இடைவெளியே பெரியது.

எடைக்குப் பயந்து, ஹார்மோன் சிகிச்சைக்கான டாமாக்சிபென் மாத்திரையை நிறுத்துவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அது எடையைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டவில்லை. நோய் திரும்பாமல் காப்பதோ அதுதான். 2025இல் எடைக்குறைப்புக்காகவும் இந்தியச் சந்தைக்கு வந்த செமாகுளூட்டைடு, டிர்செபடைடு ஊசிகள் எடையை வேகமாக இறக்குகின்றன. இறங்குவதில் ஒரு பகுதி தசையாகவும் இருக்கும் என்பதால், புரதமும் தசைப் பயிற்சியும் இல்லாமல் இவற்றை எடுப்பது ஏற்கெனவே தசை இழந்தவருக்கு நட்டமே. கீமோ நடக்கும்போது இவற்றின் குமட்டலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் வேறு கிளினிக்கில் தொடங்கக் கூடாது.