பனி ஆந்தை பொறித்த நீல ஜெர்சி

கனடாவின் கியூபெக் நகரத்துப் பனி ஹாக்கி அணியான கியூபெக் நோர்டிக்ஸ் 1995-ஆம் ஆண்டில் விற்கப்பட்டு டென்வருக்குப் போய்க் கொலராடோ அவலாஞ்ச் ஆனது. போன முதல் பருவத்திலேயே தேசிய ஹாக்கி லீக்கின் சாம்பியனுக்கு உரிய ஸ்டான்லி கோப்பையையும் வென்றது. அந்த வலி கியூபெக் நகரத்து ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை. 2015-இல் 18,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு புதிய அரங்கு திறக்கப்பட்டும், அடுத்த ஆண்டு தேசிய ஹாக்கி லீக் புதிய அணியை லாஸ் வேகஸுக்குத்தான் கொடுத்தது. அணி திரும்பி வந்தால் எந்த ஜெர்சியில் ஆடும் என்று ரசிகர்கள் தாங்களாகவே வரைந்து பார்ப்பது அதன் பின்னும் நிற்கவில்லை. அப்படி வரையப்படுபவற்றில் பெரும்பாலானவை கணினித் திரையோடு முடிந்துவிடும். நான் இங்கே எழுதப்போவது துணியாகத் தைக்கப்பட்டு என் கைக்கு வந்து சேர்ந்த ஒன்றைப் பற்றி.

வரைந்தவர் அந்நகரத்தில் வடிவமைப்புப் படிக்கும் மாணவர். சிறிய தையற்கூடம் ஒன்று ஆர்டரின் பேரில் தைத்துக் கொடுக்கிறது. விலை 145 கனேடிய டாலர். டொராண்டோவுக்கு வந்து சேர ஐந்து வாரங்கள் ஆயின.

முதலில் மார்பிலுள்ள சின்னம். நோர்டிக்ஸின் பழைய சின்னத்தை அறிந்தவர்களுக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு: சிவப்புப் பனிக்குடில் ஒன்று ஆங்கிலச் சிறிய 'என்' (n) எழுத்தின் வடிவில் வளைந்து நிற்க, அதனோடு ஒரு ஹாக்கி மட்டையும், பந்துக்குப் பதிலாக ஆடப்படும் வட்டான பக்கும் சேர்ந்திருக்கும். அதை அப்படியே எடுத்து விற்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும் என்பதால் வடிவமைப்பாளர் அதைத் தொடவில்லை. அணியின் பெயரையும் எங்கும் எழுதவில்லை. அவர் எடுத்துக்கொண்டது 1987 முதல் கியூபெக் மாகாணப் பறவையாக இருக்கும் பனி ஆந்தையை. இரண்டு சிறகுகளையும் உயர்த்தி இறங்கும் அந்த வெள்ளைப் பறவையின் உடலுக்கும் சிறகுகளுக்கும் நடுவே விடப்பட்ட நீல இடைவெளியை ஒரு கணம் உற்றுப் பார்த்தால், அங்கே 'என்' எழுத்து தானாக எழுந்து வருகிறது.

எழுத்தை வரையாமல் வெற்றிடத்தைக் கொண்டே எழுத்தைக் காட்டும் இந்த முறைக்கு ஹாக்கியில் உயர்ந்த முன்மாதிரி ஒன்று இருக்கிறது. பீட்டர் குட் 1979-இல் ஹார்ட்ஃபர்ட் வேலர்ஸ் அணிக்கு வரைந்த சின்னத்தில், கீழே பச்சை நிற 'டபிள்யூ', மேலே நீல நிறத்தில் ஒரு திமிங்கில வால், இரண்டுக்கும் நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் 'எச்'. அந்த அணியும் 1997-இல் ஊரை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் அதன் சின்னம் பொறித்த சட்டைகளும் தொப்பிகளும் இன்றும் விற்றுக்கொண்டிருப்பதற்கு அந்த இடைவெளியே முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன். பார்ப்பவர் தாமே கண்டுபிடித்த சின்னம் அவருடையதாகிவிடுகிறது. ஆந்தைச் சின்னத்தை அதற்கு இணையாக வைக்க மாட்டேன், ஏனெனில் சிறகின் நுனிகளில் தேவையில்லாத நான்கைந்து கோடுகள் உள்ளன. ஆயினும் அதே பாடத்தைச் சரியாகப் படித்த கையின் வேலை இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தக் கோடுகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் 2016-ஆம் ஆண்டுச் சின்னத்தில் இலைக்கு 31 முனைகள், 17 நரம்புகள். பழைய அரங்கு திறந்த 1931-ஐ முனைகளும், அணி பிறந்த 1917-ஐ நரம்புகளும் குறிக்கின்றன. அதன் பிறகு ரசிகர்கள் வரையும் சின்னங்களிலும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் ஆண்டைப் பொருளாக ஏற்றும் வழக்கம் பெருகியிருக்கிறது. இந்த ஆந்தையின் இறகுகளுக்கும் ஜெர்சியோடு வந்த அட்டையில் அப்படியொரு விளக்கம் அச்சிடப்பட்டுள்ளது. லீஃப்ஸின் இலையை ஒருவர் எண்ணிப் பார்க்காவிட்டாலும் அது இலையாகவே நிற்கும். இங்கே விளக்கத்துக்காகச் சேர்த்த கோடுகள் ஆந்தையின் சிறகைக் கனக்கச் செய்கின்றன.

சின்னம் அச்சு அல்ல. ட்வில் என்னும் சாய்வரி நெசவுத் துணியை மூன்று அடுக்குகளாக வெட்டி நெருக்கமான தையலால் பதித்திருக்கிறார்கள். கையால் தடவினால் சிறகு உடலின் மேல் எழுந்திருப்பது தெரிகிறது. ஒரு நூல்கூட அவிழவில்லை. முதுகின் உட்புறத்தில், சண்டையின்போது எதிராளி ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்துவிடாதபடி அதைக் கால்சட்டையோடு பிணைக்கும் பட்டையும் தைக்கப்பட்டுள்ளது. ரசிகருக்கு அது பயன்படப் போவதில்லை. ஆனால் அதை விட்டுவிடாத தையற்காரர் ஆட்டத்தை மதிப்பவர்.

அடி விளிம்பில் அந்த மதிப்பு சற்றுக் குறைந்துவிட்டது. பழைய நோர்டிக்ஸ் ஜெர்சியின் பெரிய அழகே, கியூபெக் கொடியிலுள்ள லில்லிப் பூ அதன் தோளிலும் அடி விளிம்பிலும் இடம்பெற்றிருந்ததுதான். இந்த ஜெர்சியிலும் விளிம்பைச் சுற்றிப் பூக்கள் வரிசையாக உள்ளன. ஆனால் அவை வெப்ப அச்சில் பதிக்கப்பட்டிருப்பதால், முன்துணியும் பின்துணியும் சேரும் பக்கத் தையலில் ஒரு பூ பாதியாக வெட்டுப்பட்டு, மறுபாதி அரை அங்குலம் கீழே இறங்கி நிற்கிறது. திரையில் வரையும்போது விளிம்பு ஒரே நேர்கோடு. தைக்கும்போது அது இரண்டு துண்டுகள், ஒவ்வோர் அளவுக்கும் வேறு வேறு நீளம். தையலுக்கு இருபுறமும் ஒரு பூவின் அகலத்தை வெறுமையாக விட்டிருந்தால் இந்தக் குறை வந்திருக்காது.

எண்களின் குறை இதைவிடப் பெரியது. முதுகெண் குறைந்தது 10 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. உயரத்தில் இந்த ஜெர்சி அதற்குக் குறையவில்லை. ஆனால் நீலத் துணியின் மேல் அதைவிடச் சற்றே வெளிறிய நீலத்தில் எண்ணை வைத்து, மெல்லிய வெள்ளைக் கோட்டால் சுற்றியிருக்கிறார்கள். எங்கள் பகுதிப் பனித்தளத்தில் நண்பர் ஒருவரை இதை அணியச் செய்து, எதிர் முனையில் நின்று பார்த்தேன். ஆந்தை தெளிவாகத் தெரிந்தது. அதன் நடுவிலிருந்த 'என்' கூடத் தெரிந்தது. முதுகிலிருந்த 19 என்னும் எண்ணை அவர் தளத்தின் நடுவுக்கு வந்த பிறகே படிக்க முடிந்தது. நடுவர் தவறு செய்தவரை எண்ணைச் சொல்லித்தான் அறிவிக்கிறார். கோல் கணக்கு எழுதுபவரும் எண்ணைப் பார்த்துத்தான் எழுதுகிறார். 200 அடி நீளமுள்ள தளத்தில் படிக்க முடியாத எண், திரையில் எவ்வளவு நயமாக இருந்தாலும், ஹாக்கி ஜெர்சிக்கு உதவாது.

இதை வடிவமைப்பாளருக்கு எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது: வெள்ளை எண்ணும் சிவப்பு விளிம்புமாக மாற்றிய படத்தை இணைத்து, அடுத்த முறை தைக்கும்போது அதுவே இருக்கும் என்று சொல்லியிருந்தார். தான் வரைந்ததை யாரோ ஒருவர் பனித்தளம் வரை கொண்டுபோய்ப் பார்த்தது அவருக்கு மகிழ்ச்சி அளித்தது என்பது அந்தக் கடிதத்தில் தெரிந்தது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தோள்கவசத்தின் மேல் அணியும் அளவில் தைக்கப்பட்டிருப்பதால் வழக்கமாக அணிவதைவிட ஓர் அளவு குறைத்தே கேளுங்கள். உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள். நான்கு முறை துவைத்தும் என் ஜெர்சியில் நிறம் மங்கவில்லை. பெயர் எழுதச் சொன்னால் 25 டாலர் கூடுதல்; என் கருத்தில் அது வேண்டாம், ஆந்தையே போதும். எண் திருத்தப்பட்ட பதிப்பு வந்ததும் வெள்ளை நிறத்தில் இன்னொன்று வாங்க என் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.