பணிச்சோர்வு பற்றிய ஆன்லைன் வகுப்பு: ஐந்துக்கு மூன்று

ஆபீஸில் எங்களைச் சேர்த்துவிட்ட வகுப்பு இது, ஆறு வாரம், வாரம் ஒரு மணி நேரம். நடத்தியவர்கள் பேர் வேண்டாம். முதல் இரண்டு வாரம் மூச்சுப்பயிற்சி, கண்ணை மூடி உட்காருவது என்று ஓட்டினார்கள்; நான் கேமராவை அணைத்துவிட்டு மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன், அதுவே பாதி வியாதி என்று அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம்தான் விஷயத்துக்கு வந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. அடையாளம் மூன்று: சக்தியே வற்றிப்போவது, வேலைமேல் ஒட்டாமை அல்லது வெறுப்பு, எதைச் செய்தாலும் உருப்படியில்லை என்ற நினைப்பு. எனக்கு இரண்டாவதுதான் சுரீரென்று பட்டது, புதிதாகச் சேர்ந்த பையன் சந்தேகம் கேட்டால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே 'ம்' போட்டுக்கொண்டிருந்த ஆள் நான்.

அப்புறம் மாஸ்லாக், லைட்டர் என்ற உளவியலாளர்களின் பணிச்சோர்வு ஆய்வில் வரும் ஆறு விஷயங்களுக்கு (வேலைப்பளு, நம் கையில் இருக்கும் அதிகாரம், பலனும் பாராட்டும், சக ஊழியர் உறவு, நியாயம், நாம் மதிக்கும் கொள்கைகள்) தாளில் மார்க் போடச் சொன்னார்கள். அது அருமை. எனக்கு வேலைப்பளு பரவாயில்லை, அதிகாரம்தான் பூஜ்யம்: எதை முதலில் முடிப்பது என்பதுகூட என் கையில் இல்லை.

குறை? இதில் பாதிக்கு மேல் மாற்றக்கூடியவர் மேலாளர், அவர் வகுப்புக்கே வரவில்லை. கடைசி வகுப்பை வேறு ராத்திரி எட்டு மணிக்கு வைத்தார்கள், என்னத்தைச் சொல்ல. மேலாளரையும் உட்காரவைத்தால் மட்டும் சேருங்கள்.